கண்ணாடி ஸ்லைடில் 100 நானோலிட்டர் துளிகள்: பம்பு இல்லாமல் ஆன்டிபயாடிக் சோதனை

கேள்வி இதுதான்: நுண்குழாய் சிப், பம்பு எதுவும் இல்லாமல், நீர் ஒட்டும் புள்ளிகளும் அவற்றைச் சுற்றி நீர் ஒட்டாத வரப்பும் உள்ள ஒரு கண்ணாடி ஸ்லைடை மட்டும் வைத்து நூற்றுக்கணக்கான நுண்துளிகளை உண்டாக்கி, ஒரு பாக்டீரியா எந்த மருந்துக்கு, எந்த அளவில் அடங்குகிறது என்று பார்க்க முடியுமா? எப்படிச் செய்வது, எங்கே தவறும்?

முடியும். 25×75 மி.மீ ஸ்லைடில் 1 மி.மீ விட்டமுள்ள புள்ளிகளை 1.5 மி.மீ இடைவெளிக் கணக்கில் 14 வரிசை, 42 நெடுவரிசை என்று வைத்தால் 588 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் 100 நானோலிட்டர் நின்றால் மொத்தமே 59 மைக்ரோலிட்டர்தான். ஆய்வகங்களில் வழக்கமான 96 குழிச் சோதனைத் தட்டில் ஒரே ஒரு குழிக்குப் போகும் 100 மைக்ரோலிட்டரைவிடக் குறைவு. நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரி சிறிதாக இருக்கும்போது இந்தச் சிக்கனம் பெரிய விஷயம். ஆனால் துளியை உண்டாக்குவது இதில் எளிதான பாதி. அதன் செறிவு மாறாமல் 18 மணி நேரம் காப்பதும், துளிக்குள் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதும்தான் கடினமான பாதி. பெரும்பாலான முயற்சிகள் அந்த இரண்டாம் பாதியில்தான் கவிழ்கின்றன.

முதலில் பரப்பு. நீர் ஒட்டாத பரப்பு என்றாலே சேர்கோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) எவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்த ஒற்றை எண் போதாது. துளி விரியும்போது அதன் விளிம்பு நகரத் தொடங்கும் கோணம் ஒன்று, அது முன்னேறு கோணம்; சுருங்கும்போது விளிம்பு பின்வாங்கத் தொடங்கும் கோணம் இன்னொன்று, அது பின்வாங்கு கோணம். தாமரை இலை, ரோஜா இதழ் இரண்டிலும் துளி உருண்டையாகத்தான் நிற்கும். ஆனால் தாமரை இலையைச் சாய்த்தால் துளி உருண்டோடும், ரோஜா இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒட்டியே இருக்கும். இதழின் பின்வாங்கு கோணம் குறைவு என்பதே காரணம். உங்கள் வரப்புக்கு வேண்டியது தாமரை இலையின் குணம். ஸ்லைடின் மேல் நீரை வழித்து இழுக்கும்போது வரப்பைவிட்டு நீர் முழுவதுமாக விலகினால்தான் புள்ளிகளில் மட்டும் துளி தங்கும். முன்னேறு கோணம் 115 டிகிரி இருந்தும் பின்வாங்கு கோணம் 60 டிகிரிதான் என்றால், வரப்பிலும் நீர்த் திட்டுகள் மிஞ்சும், அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே பாலம் விழும்.

அளப்பதற்குச் சிறப்புக் கருவி தேவையில்லை. வரப்பு போலவே தயாரித்த, புள்ளி இல்லாத ஒரு ஸ்லைடில் 5 மைக்ரோலிட்டர் துளி வைத்து, நுண்ணூசியால் மெல்ல உறிஞ்சுங்கள். மேக்ரோ லென்ஸ் போட்ட ஃபோனால் பக்கவாட்டில் வீடியோ எடுத்து, விளிம்பு உள்நோக்கி நகரத் தொடங்கும் படத்தில் கோணத்தை அளக்கலாம். 80 டிகிரிக்குக் கீழே வந்தால் அந்தத் தொகுதி ஸ்லைடுகளை நம்ப வேண்டாம்.

புள்ளியின் விளிம்பில் துளி பூட்டிக்கொள்வதால், ஒரே புள்ளி பல கன அளவுகளைத் தாங்கும். 1 மி.மீ வட்டத்தில் துளி 30 டிகிரியில் நின்றால் 54 நானோலிட்டர், 50 டிகிரியில் 98, 90 டிகிரியில் 262. வரப்பின் முன்னேறு கோணமான 115 டிகிரியை எட்டும்போது சுமார் 560; அதற்கு மேல் போனால் துளி வரப்பைத் தாண்டி வழியும். விட்டத்தைப் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகும். புள்ளி வட்டமாகவே இருக்கட்டும். சதுரப் புள்ளி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மூலைகளில் நீர்ப்படலம் மெலிந்து அங்கேதான் முதலில் காயும், செல்களும் அங்கே ஒதுங்கும்.

இந்த முறை புதிதல்ல. ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 1998-இல், நுண்குழிகள் நிறைந்த பரப்பிலிருந்து திரவத்தை விலகச் செய்து குழிகளை மட்டும் நிரப்பிக் காட்டியது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனத்தில் பவெல் லெவ்கின் குழு 2011 முதல் நுண்துளைப் பாலிமர் படலத்தில் மிகை நீர்விரும்பி, மிகை நீர்வெறுப்பி வடிவங்களை அமைத்து இதைச் செல் சோதனைகளுக்குக் கொண்டுபோனது. அவர்கள் வழியில் வரப்பின் கோணம் 150 டிகிரியைத் தாண்டும்; ஸ்லைடைச் சாய்த்தாலே மிச்ச நீர் உருண்டு போய்விடும். அந்தப் படலத்துக்கு ஹெமா 24, ஈடிஎம்ஏ 16 (பாலிமராகும் மூலப்பொருள்கள்), டெக்கனால் 12, சைக்ளோஹெக்சனால் 48 (துளைகளை உண்டாக்கும் கரைப்பான்கள்) என்ற எடை விகிதத்தில் கலந்து புற ஊதா ஒளியில் இறுகவிட்டு, பிறகு முகமூடி வைத்து வேதிமாற்றம் செய்ய வேண்டும். நல்ல வேதியியல் கூடம் இருந்தால் அதுவே சிறந்தது. முதல்முறை செய்பவருக்கு வழுவழுப்பான கண்ணாடியில் ஃப்ளூரோசைலேன் (கண்ணாடியோடு பிணைந்து நீரை விலக்கும் ஃப்ளூரின் சேர்மம்) வரப்பு போதும். கீழே சொல்வது அதுதான்.

ஸ்லைடு தயாரிப்பு

பலரும் முதலில் ஸ்லைடு முழுவதும் சைலேன் பூசி, பிறகு அதன்மேல் ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளி பட்டால் கரைதிறன் மாறும் பூச்சு, சுருக்கமாக ரெசிஸ்ட்) போடப் பார்க்கிறார்கள். ஃப்ளூரோசைலேன் மேல் ரெசிஸ்ட் பரவாது, சுருண்டு திரளும். வரிசையைத் திருப்புங்கள். முதலில் புள்ளி வர வேண்டிய இடங்களில் ரெசிஸ்ட் வட்டங்கள், பிறகு சைலேன், கடைசியில் ரெசிஸ்ட்டைக் கரைத்து எடுத்தால் கீழே இருக்கும் வெறும் கண்ணாடியே நீர் ஒட்டும் புள்ளி.

ஸ்லைடைச் சோப்புநீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால், தூய நீர் என்று அல்ட்ராசானிக் தொட்டியில் ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் கழுவி, நைட்ரஜனால் ஊதி, 150 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் உலர்த்துங்கள். ரெசிஸ்ட் நன்றாகப் பிடிக்க வழக்கமாகப் பூசும் ஹெச்எம்டிஎஸ் பூச்சை இங்கே தவிர்க்க வேண்டும். அது ரெசிஸ்ட்டுக்கு அடியிலேயே தங்கிவிடும். ரெசிஸ்ட்டைக் கரைத்த பிறகும் புள்ளி பாதி நீர்வெறுப்பியாகவே இருக்கும். சில புள்ளிகள் நிரம்பி, சில நிரம்பாமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணம், கடைசியில் சந்தேகிக்கப்படுவதும் இதுவே.

1 முதல் 1.5 மைக்ரான் தடிமனில் பாசிட்டிவ் (ஒளி பட்ட இடம் கரையும்) ரெசிஸ்ட் பூசி, ஒளி காட்டி, டெவலப் செய்தபின், வரப்பு வரவேண்டிய இடத்தில் படிந்திருக்கும் மிச்சத்தை நீக்கக் குறைந்த திறனில் 20–30 விநாடி ஆக்ஸிஜன் பிளாஸ்மா கொடுங்கள். உடனே வெற்றிட டெசிக்கேட்டரில் ஸ்லைடுகளை நிறுத்தி, ஒரு சிறு மூடியில் 50 மைக்ரோலிட்டர் டிரைகுளோரோ பெர்ஃப்ளூரோஆக்டைல் சைலேன் வைத்து, 5–10 நிமிடம் காற்றை இழுத்து, வால்வை மூடி 1 மணி நேரம் விடுங்கள். ஹைட்ரஜன் குளோரைடு ஆவி வரும். புகைப்போக்கி அலமாரிக்குள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். டொலுயீனில் கரைத்துப் பூசும் முறை இங்கே உதவாது, அது ரெசிஸ்ட்டைத் தாக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் சைலேன் ஆவியிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து ஸ்லைடில் வெண்புகை போலப் படியும். அந்தப் படிவு சொரசொரப்பாக இருக்கும், பின்வாங்கு கோணத்தைக் கெடுக்கும்.

அடுத்தது அசிட்டோனில் அல்ட்ராசானிக் 5 நிமிடம், ஐசோபுரோப்பனால், நீர், உலர்த்தல். அதற்குப் பிறகுதான் 110 டிகிரியில் 30 நிமிடச் சூடு. சூட்டை முன்னால் கொடுத்தால் ரெசிஸ்ட் இறுகி அசிட்டோனுக்கு அசையாது.

சரிபார்க்க ஸ்லைடின் மேல் வாயால் ஒரு முறை ஊதுங்கள். வரப்பில் பனி வெண்மையாகப் படியும், புள்ளிகள் தெளிவாகத் தெரியும். வெண்மைக்குள் கருவட்டங்கள் சீராக இல்லையென்றால் அந்த ஸ்லைடு வேண்டாம். ஊதிப் பார்த்ததைச் சோதனைக்குப் பயன்படுத்தாமல் தொகுதிக்கு ஒன்று என ஒதுக்கிவிடுங்கள். வெறும் கண்ணாடிப் புள்ளி காற்றிலுள்ள கரிமப் பொருள்களை உறிஞ்சி நாளடைவில் நீர் ஒட்டும் தன்மையை இழக்கும். மீண்டும் பிளாஸ்மா கொடுத்தால் வரப்பு அழியும். ஆகவே ரெசிஸ்ட்டோடு அப்படியே சேமித்து, சோதனைக்கு முந்தைய நாள் கரைத்து எடுப்பது நல்லது.

ரெசிஸ்ட் வசதி இல்லாதவர்கள் பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) தாளில் துளையிட்டு, சைலேன் பூசிய ஸ்லைடில் ஒட்டி, துளை வழியே பிளாஸ்மா கொடுக்கலாம். ஓரங்களில் பிளாஸ்மா கசிந்து புள்ளி துளையைவிடப் பெரிதாக வரும். விட்டத்தை அளந்து அந்த அளவைக் கணக்கில் எடுங்கள்.

நிரப்புதல்

ஸ்லைடைச் சமதளத்தில் வைத்து, ஒரு முனையில் 500 மைக்ரோலிட்டர் கலவை விடுங்கள். புள்ளிகளில் தங்குவது அதில் 59 மட்டும்தான், மீதி இழுத்துச் செல்வதற்கு. சைலேன் பூசிய இன்னொரு ஸ்லைடின் விளிம்பை 0.5 மி.மீ உயரத்தில் பிடித்து, நீர்மொத்தையை மறுமுனைக்கு விநாடிக்கு 5–10 மி.மீ வேகத்தில் இழுத்துச் செல்லுங்கள். மிச்சத்தை அங்கே வடிதாள் உறிஞ்சட்டும். வேகம் கூடினால் புள்ளியில் தங்கும் அளவும் கூடும். கையால் இழுத்தால் முதல் நெடுவரிசைக்கும் கடைசிக்கும் இடையே வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒரு சிறு மோட்டார் தள்ளுமேடை இதைத் தீர்க்கும். ஓரத்து நெடுவரிசைகளை எப்படியும் கணக்கில் சேர்க்க வேண்டாம். தங்கிய கன அளவை அறிய, நிரப்பியதும் ஸ்லைடைத் தராசில் வைத்து 10 விநாடிக்கொருமுறை எடை குறித்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பூஜ்ய நேர எடையைக் கண்டு, புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

பாக்டீரியாவை வளர்க்கும் திரவமான முல்லர்–ஹின்டன் ப்ராத்தில் உள்ள பெப்டைடுகள் வரப்பில் மெல்ல ஒட்டும். அதனால் ஒரு ஸ்லைடை ஒரே இழுப்பில் முடியுங்கள், திரும்பத் திரும்ப இழுக்கக் கூடாது. ட்வீன், ட்ரைட்டான் போன்ற சோப்புத்தன்மைப் பொருள்கள் 0.05 சதவீதம் இருந்தாலே வரப்பு தோற்கும். நீரின் பரப்பு இழுவிசை 72 மில்லிநியூட்டன்/மீட்டர். அவை அதைப் பாதிக்கு இறக்கிவிடும்.

ஆவியாதல்

25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் தனியாக நிற்கும் 1 மி.மீ அகலத் துளி விநாடிக்கு ஏறக்குறைய 0.7 நானோலிட்டர் இழக்கும். 100 நானோலிட்டர் துளி இரண்டரை நிமிடத்தில் காணாமல் போகும். 15 விநாடியில் 10 சதவீதம் போய், மருந்தும் உப்பும் அதே அளவுக்குச் செறிவடையும். அரை மி.மீ புள்ளியானால் ஆயுள் நான்கில் ஒன்றுதான். துளிகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றின் ஆவி மற்றொன்றைக் காக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு நடுப்பகுதிக்குத்தான், ஓரத்துத் துளிகளுக்கு இல்லை. ஓரத்து மதிப்புகள் எப்போதும் ஒரு பக்கமாகவே விலகினால் இதைச் சந்தேகியுங்கள்.

இன்குபேட்டருக்குள் 95 சதவீத ஈரப்பதம் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். 37 டிகிரியில் தனித்துளி அங்கேயும் 12 நிமிடம்தான் தாங்கும். மூடிய சிறு பெட்டி அவசியம்: உள்ளே ஈரத்தாள், ஸ்லைடுக்கு மேல் சில மி.மீ காற்றிடம் மட்டும், விளிம்பில் ரப்பர் வளையம். ஈரத்தாளில் தூய நீரை ஊற்றக் கூடாது. 300 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு, அதாவது ஆஸ்மோலாலிட்டி) அளவிலான வளர்ப்புக் கலவை 99.5 சதவீத ஈரப்பதத்தோடுதான் சமநிலை கொள்ளும். தூய நீர் 100 சதவீதம் கொடுக்கும். அந்த அரை சதவீத வித்தியாசத்தில் நீராவி துளிகளுக்குள் இறங்கி, சில மணி நேரத்தில் அவை பெருத்துச் செறிவு நீர்த்துப்போகும். அதே ப்ராத்தையோ அதே ஆஸ்மோலாலிட்டியுள்ள உப்புக் கரைசலையோ தாளில் ஊற்றுங்கள். பெட்டியை முன்கூட்டியே 35 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த மூடியில் நீர் திரண்டு ஸ்லைடில் சொட்டினால் அந்தச் சோதனை அவ்வளவுதான்.

பாதுகாப்பு அலமாரியின் காற்றோட்டமும் துளியை வேகமாக உலர்த்தும். நோய்க்கிருமி என்பதால் அலமாரிக்கு வெளியே செய்ய முடியாது. எனவே பெட்டியைத் திறந்து அருகிலேயே வைத்து, இழுப்பு முடிந்து 10 விநாடிக்குள் மூடுங்கள்.

மினரல் எண்ணெயால் மூடுவது சுலபமான மாற்று. உப்பு, புரதம், நீரில் கரையும் மருந்துகளுக்குச் சரிப்படும். கொழுப்பில் கரையும் மருந்து எண்ணெய்க்குள் நழுவும். துளிக்குள் இருக்கும் செறிவு நீங்கள் எழுதி வைத்த செறிவு அல்ல. எண்ணெயை நாடும் முன் அந்த மருந்தின் குணத்தைப் பாருங்கள்.

மருந்தைச் சேர்த்தல்

மருந்தைப் புள்ளிகளில் முதலில் அச்சிட்டு உலர்த்தி, பிறகு பாக்டீரியா கலவையை மேலே இழுத்தால் போதாதா? கூடாது. நகரும் நீர் ஒரு புள்ளியின் மருந்தைக் கரைத்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். லெவ்கின் குழுவே கையாண்ட சாண்ட்விச் முறை இதற்குப் பொருத்தம்: ஒரு ஸ்லைடில் உலர்ந்த மருந்து, மற்றதில் பாக்டீரியாத் துளிகள், இரண்டையும் முகத்தோடு முகம் சேர்ப்பது. 100 நானோலிட்டரில் 1 மைக்ரோகிராம்/மி.லி. கிடைக்க 0.1 நானோகிராம் மருந்து போதும், அதாவது 50 மைக்ரோகிராம்/மி.லி. கரைசலில் 2 நானோலிட்டர் அச்சு.

இங்கே இடைவெளிதான் முக்கியம். துளியின் உயரம் சுமார் 0.23 மி.மீ. இடைவெளி அதைவிடக் கூடினால் துளி மேல் ஸ்லைடைத் தொடாது. 0.05 மி.மீ ஆனால் துளி 1.6 மி.மீ அகலத்துக்கு நசுங்கி அண்டைத் துளியோடு கலந்துவிடும். 1.5 எண் கவர்ஸ்லிப்பின் தடிமன் 0.17 மி.மீ, அதன் துண்டுகளை நான்கு மூலைகளிலும் வைத்தால் சரியான இடம். மருந்து ஸ்லைடே மேலே இருக்க வேண்டும் என்றில்லை. துளி ஸ்லைடைத் தாராளமாகக் கவிழ்க்கலாம். 100 நானோலிட்டரின் எடையைவிட, புள்ளியின் சுற்றளவில் பரப்பு இழுவிசை தரக்கூடிய பிடி 200 மடங்குக்கும் மேல்.

எத்தனை பாக்டீரியா?

வழக்கமான ப்ராத் நுண்நீர்த்தல் சோதனையில் (மருந்தைப் படிப்படியாக நீர்த்துத் தட்டின் குழிகளில் செய்வது) மி.லி.க்கு 5×10⁵ உயிர்செல்கள். 100 மைக்ரோலிட்டர் குழியில் அது 50,000 செல். உங்கள் 100 நானோலிட்டர் துளியில் 50. எண்ணிக்கை 43க்கும் 57க்கும் இடையே இயல்பாக ஊசலாடும், ஆனால் வெறும் துளி வராது. புள்ளியை அரை மி.மீ ஆக்கினால் துளிக்குச் சராசரி 6. ஏறக்குறைய 500-இல் ஒரு துளி காலியாகும். கால் மி.மீ ஆக்கினால் சராசரி 0.8; பாதிக்குச் சற்றுக் குறைவான துளிகளில் பாக்டீரியாவே இராது. அங்கே வளர்ச்சி இல்லாததை மருந்தின் வெற்றி என்று படித்துவிடுவீர்கள். மருந்து எதிர்ப்புள்ள கிருமியை எதிர்ப்பற்றது என்று அறிவிப்பதுதான் இந்தத் துறையில் ஆகப் பெரிய பிழை, நோயாளிக்கு நேரடியாகத் தீங்கு செய்வது. இதை ஈடுகட்ட இனாகுலத்தை, அதாவது தொடக்கத்தில் விடும் பாக்டீரியாவை, செறிவாக்கவும் கூடாது. பீட்டா-லாக்டமேஸ் (பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி) சுரக்கும் கிருமிகளில் இனாகுலம் கூடினாலே குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு ஏறிவிடும். ஆகவே இந்தச் சோதனைக்கு 1 மி.மீ புள்ளிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 8 துளிகள் வையுங்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் ஒளிந்திருக்கும் எதிர்ப்பு செல்கள் 50 செல் துளியில் அகப்படா. ஸ்லைடு முழுவதையும் கூட்டினாலும் 30,000 செல்தான். அதைத் தேடுவதானால் இந்த முறை பொருந்தாது.

படித்தல்

கலங்கலை ஒளி உறிஞ்சுதலால் அளக்க முயல வேண்டாம். 96 குழித் தட்டில் ஒளிப்பாதை 3 மி.மீ, இங்கே 0.2, துளியே வேறு லென்ஸாக ஒளியை வளைக்கும். கலவையிலேயே 50 மைக்ரோமோலார் அளவில் ரெசாசுரின் சாயம் சேர்த்து, 560 நானோமீட்டரில் ஒளியூட்டி 590-இல் ஒளிர்வைப் படம் எடுங்கள். உயிருள்ள செல்கள் அதை ஒளிரும் ரெசோருஃபினாக மாற்றும். 18 மணி நேரம் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுப்பது ஆபத்து: வளர்ச்சி மிகுந்த துளிகளில் ரெசோருஃபின் மேலும் ஒடுக்கமடைந்து நிறமும் ஒளிர்வும் இழக்கும், வளர்ச்சியே இல்லாதது போலத் தெரியும். 4 மணி நேரத்திலிருந்து மணிக்கொரு படம் வேண்டும்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் மருந்தில்லாத துளிகள், பாக்டீரியா இல்லாத துளிகள் இரண்டும் நடுவிலும் ஓரத்திலும் இருக்கட்டும். இகோலை ஏடிசிசி 25922 என்ற தரச்சோதனை வகையைக் கூடவே ஓட்டுங்கள்: குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 0.004–0.016, ஜென்டாமைசினுக்கு 0.25–1 மைக்ரோகிராம்/மி.லி. வர வேண்டும். உங்கள் மதிப்பு வழக்கமான தட்டு மதிப்பிலிருந்து ஓர் இரட்டிப்புப் படிக்குள் (பாதி முதல் இரு மடங்கு வரை) இருந்தால் ஏற்கத்தக்கது. எல்லா மருந்துகளும் ஒரே திசையில், அதாவது குறைந்த மதிப்புக்குச் சாய்ந்தால் துளிகள் உலர்கின்றன என்று பொருள். உயர்ந்த மதிப்புக்குச் சாய்ந்தால் நீராவி இறங்குகிறதா, மருந்து ஸ்லைடில் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

அந்த ஒட்டல் சிறு விஷயமல்ல. 100 நானோலிட்டர் துளிக்குக் கன அளவோடு ஒப்பிட்ட திடப்பரப்பு, 96 குழித் தட்டின் குழியைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. கொலிஸ்டின் போன்ற நேர்மின் பெப்டைடுகள் சாதாரணத் தட்டிலேயே சுவரில் ஒட்டிச் செறிவைக் குறைப்பவை. எதிர்மின் கொண்ட வெறும் கண்ணாடிப் புள்ளியில் இன்னும் மோசம். டாப்டோமைசின் பரப்பிலேயே ஒதுங்கும் இயல்புள்ள லிப்போபெப்டைடு. இந்த இரண்டையும் இந்த ஸ்லைடில் சோதிக்காமல், வழக்கமான தட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.